பனியும் பனையும்

மூணாற்றுக்கு அருகே தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து கிள்ளும் சகோதரி ஒருவர், தம் லயத்து வாசலில் வைத்த தென்னங்கன்றை மார்கழி, தை மாதங்களின் உறைபனியிலிருந்து காப்பது எங்ஙனம் என்று கேட்டு எழுதியுள்ளார். சங்கரன்கோயில் பக்கத்துப் பூர்வீகத் தோப்பின் நெற்று முளைத்த கன்று அது. தோப்பு கைமாறிவிட்டது, கன்று ஒன்றே மிச்சம் என்கிறார். ஆகவே இம்மாதம் பிற செய்திகளை ஒதுக்கிவிட்டு இதனையே எழுதுகிறோம்.

உண்மையை முதலில் சொல்லிவிடுதல் நலம். தென்னைக்கு உகந்தது சராசரி 27 பாகை வெப்பம். கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல் ஏற ஏறக் காய்ப்புக் குன்றும். மூணாறோ ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். அங்கே தென்னை பிழைக்கலாம். குலை தள்ளும் என்று நாம் வாக்களிக்க மாட்டோம். கமுகும் 10 பாகைக்குக் கீழே நலிவுறும். சிற்றூர், கொழிஞ்சாம்பாறை வெயிலில் வரப்புதோறும் நிற்கும் கரும்பனைகளைப் பார்த்தே பழகிய நமக்கு, பனையினத்திற்கும் பனி ஒரு பகை என்பது விளங்கச் சிறிது காலமாயிற்று.

மேகமும் காற்றுமில்லாத இரவில் தரையின் வெப்பம் வானோக்கிப் போய்விடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப்போல் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். 2019 ஜனவரியில் மூணாற்றுச் சுற்றுப்புறத்துப் பள்ளங்களில் வெப்பம் பூஜ்யத்திற்குக் கீழே இறங்கிப் புல்வெளி வெளுத்தது; தேயிலையும் கருகிற்று. மாவும் பலாவும் ஒரு கிளை கருகினால் மறு கிளை விடும். தென்னைக்குக் குருத்து ஒன்றே. அது அழுகினால் மரம் போயிற்று.

ஆகையால் காக்க வேண்டியது குருத்தையே. மாலையில் மட்டைகளை மேல்நோக்கிச் சேர்த்துத் தளர்வாகக் கட்டி, உலர்ந்த புல்லையோ சாக்கையோ போர்த்துக. காலையில் வெயில் ஏறியதும் அவிழ்த்துவிடுக. அடியில் சருகைக் கனமாகப் பரப்புக. தண்டை ஒட்டிக் குவிக்கலாகாது. தண்ணீரைப் பகலில் வேரில் மட்டும் விடுக. ஈரமண் பகல் வெப்பத்தை இரவுக்கு வைத்திருக்கும். குருத்தில் நீர் தங்கலாகாது. பனிக்காலத்திற்குச் சற்று முன்னர் யூரியா இடுதல் கூடாது. இளந்தளிர் பனிக்கு முதலில் பலியாகும்.

இங்கே நம் பிழையொன்றையும் சொல்லியாக வேண்டும். முன்பு தேவிகுளத்திலுள்ள நம் தமக்கையின் கணவருக்கு, கன்றைப் பாலிதீன் பையால் மூடிவிடும்படி எழுதினோம். இரவில் மட்டும் என்று எழுத மறந்தோம். அத்தான் பத்து நாள் திறவாமலே வைத்திருந்தார். உள்ளே ஈரம் வியர்த்து, வெயிலில் புழுங்கி, குருத்து கையோடு வந்துவிட்டது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காள் சொல்லியே அறிந்தோம்.

குருத்து தளர்ந்தாலும் உடனே கைவிட வேண்டா. அழுகிய பகுதியைச் சுத்தமாகச் சீவிவிட்டு, போர்டோ பசை பூசுக. மயில்துத்தம் 100 கிராம் அரை லிட்டர் நீரிலும், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம் அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்துப் பின் கலந்தால் பசை ஆயிற்று. மண்பாண்டமோ பிளாஸ்டிக் வாளியோ கொள்க. இரும்புப் பாத்திரம் ஆகாது. பூசிய இடத்தை ஒரு மண்சட்டியால் கவிழ்த்து மூடிப் புதுக்குருத்து வரும்வரை பொறுக்க. வேரும் தண்டும் நன்றாயிருந்தால் வரும்.

சகோதரியின் கடிதத்தில் பின்னுமொரு வரி இருந்தது. ஓய்வு பெற இன்னும் நான்கு ஆண்டுகளே, லயம் தோட்டத்திற்குரியது, காலி செய்தாக வேண்டும். அதன்பின் கன்றுக்கு யார் சாக்குப் போர்த்துவார்? இதனைப் படித்தபின் மேலே எழுதியவற்றை அடித்துவிடலாமா என்றும் யோசித்தோம்.

கன்று சிறிதாயிருக்கும்போதே வேர் மண் உதிராமல் தோண்டி, மலையடிவாரத்தில் போடிநாயக்கனூர்ப் பக்கமுள்ள உறவினர் நிலத்தில் ஐப்பசி மழையோடு நட்டுவிடலாம் என்பது நம் யோசனை. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை சென்ற குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் 1924 வெள்ளத்தில் அழிந்தது. இல்லையேல் கன்றை அதில் ஏற்றி, அங்கிருந்து கீழே சரக்கிறக்கிய கம்பிவழியில் அனுப்பச் சொல்லியிருப்போம். இப்போது பஸ்ஸில்தான் வர வேண்டும். கண்டக்டர் லக்கேஜ் சீட்டுக் கேட்பார்; கொடுத்துவிடுக. இவ்வருடப் பனி கழியுமட்டும் சாக்கு இருக்கட்டும்.