பி.சி.எம். இருக்கிறது, ஓ.பி.சி. எங்கே?

குன்னூரில் ஒரு ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்த ஒரு தம்பி முகம் வாடி நின்றான். மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் அப்ரண்டிஸ் பயிற்சிக்கான சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போய் வந்திருந்தான்.

"ஓ.பி.சி. சர்டிபிகேட் கேட்டாங்க ஹஜ்ரத். என்கிட்ட பி.சி.எம். தான் இருந்துச்சு. பொதுப்பிரிவுல வச்சுட்டாங்க, மார்க் பத்தல."

யாருடைய தவறு இது? நம்முடைய தவறுதான்! தனி இடஒதுக்கீடு கேட்டு வீதியில் நின்ற சமுதாயம் நாம். 2007-ல் 3.5 விழுக்காடு கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அது தமிழக அரசின் ஒதுக்கீடு. அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை போன்ற மத்திய நிறுவனங்களில் அந்தச் சான்றிதழ் செல்லாது. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் மத்திய ஓ.பி.சி. பட்டியலில் இருக்கிறார்கள். அதற்குரிய மத்திய அரசுப் படிவத்தில், வசதி படைத்த பிரிவில் இல்லை என்ற குறிப்போடு, தனியாகச் சான்றிதழ் வாங்க வேண்டும். அழைப்பு வந்த பிறகு தாலுகா அலுவலகத்துக்கு ஓடினால் நேரத்துக்குக் கிடைக்குமா? மேடையில் முழங்கிய நாங்கள் இதைத் தெருத்தெருவாகச் சொல்லாமல் விட்டோம்.

"வருஷம் பூரா உதவித்தொகைக்கு உழைச்சு என்ன லாபம்? வளைகுடாவுக்கு அனுப்புங்க" என்கிறார்கள் பெரியவர்கள். பயிற்சி முடித்தால் வேலை நிச்சயம் என்று 1961-ம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம் வாக்களிக்கவில்லை. உண்மையை மறைக்க வேண்டாம். ஊட்டி பிலிம் தொழிற்சாலையை நம்பியிருந்த குடும்பங்களின் கதையும் நமக்குத் தெரியும். ஆனால் படைக்கலத் தொழிற்சாலைகள் வெடிமருந்துக் கட்டடப் பணிக்கு ஆள் கேட்கும்போது, அங்கே ஏ.ஓ.சி.பி. பிரிவில் அப்ரண்டிஸ் முடித்தவர்களைத்தானே கேட்கின்றன? அது ஒப்பந்தப் பணி என்றாலும், பயிற்சியை வேண்டாம் என்றவன் மனுப்போடவே முடியாது. வளைகுடாவுக்கே போனாலும், கைத்தொழில் சான்றிதழோடு போகிறவனும் வெறுங்கையோடு போகிறவனும் ஒன்றா?

மூஸா (அலை) அவர்கள் மத்யனுக்கு வந்தபோது கையில் ஒன்றுமில்லை. அந்தப் பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார்கள். உடல் வலுவும் நம்பிக்கையும் உள்ளவர் என்று அந்தப் பெண் தந்தையிடம் சொன்னாள். எட்டு ஆண்டு ஒப்பந்தம் பேசப்பட்டது. நேர்முகத்துக்குப் போகும் தம்பிகள் இந்த வரலாற்றை மனதில் வைத்துக்கொள்ளட்டும். செய்த வேலையைச் செய்தேன் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பு, ஐ.டி.ஐ. சான்றிதழ்களிலும் ஆதாரிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். 'முஹம்மது' என்ற ஒரு பெயரை நாம் எத்தனை விதமாக எழுதி வைத்திருக்கிறோம்!

வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பேக்கரியிலும் ஒர்க்ஷாப்பிலும் ஐந்து வருடம் தொழில் பழகிய பையன் வெளியே போகும்போது ஒரு காகிதமாவது கொண்டு போகிறானா? 30 பேர் வேலை செய்யும் இடத்தில் அப்ரண்டிஸ் சேர்ப்பது கட்டாயம். நான்கு பேர் இருந்தாலே விரும்பினால் சேர்க்கலாம். மத்திய அரசின் திட்டத்தில் பதிவு செய்தால் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1500 ரூபாய் வரை, அரசு தருகிறது. ஜகாத் கணக்குப் பார்க்கும் ஆடிட்டரிடமே இதையும் கேளுங்கள்.

அந்தத் தம்பி இப்போது மார்க்கெட்டில் தன் மாமா கடையில் மூட்டை இறக்குகிறான். ஓ.பி.சி.க்கு மனுப்போட்டாயிற்று. அடுத்த அறிவிப்புக்குக் காத்திருக்கிறான்.