வெளியே தள்ளிய வெப்பம் எங்கே போகிறது?

கோடைக்கால மாலை ஒன்றில் உங்கள் தெருவில் மெல்ல நடந்து பாருங்கள். கும்மிடிப்பூண்டி ஆனாலும் சரி, பொன்னேரி, திருவள்ளூர், ஆவடி ஆனாலும் சரி, வீட்டுச் சுவர்களில் வெள்ளைத் தகரப் பெட்டிகள் மாட்டியிருப்பதைக் காண்பீர்கள். ஏர்கண்டிஷனரின் வெளிப்பெட்டி அது. அதன் முன்னே கையை நீட்டினால் அனல் அடிக்கும்.

வீட்டுக்கு ஏசி வாங்கும்போது விலை என்ன, எத்தனை டன், எத்தனை நட்சத்திரம் என்றெல்லாம் கேட்கிறோம். இந்த அனல் எங்கே போகப் போகிறது என்று மட்டும் கேட்பதில்லை. எந்த எந்திரத்தை வாங்குகிறோம் என்பது எவ்வளவு முக்கியமோ, அதை எங்கே, எப்படிப் பொருத்துகிறோம் என்பதும் அவ்வளவு முக்கியம். இதை நம் வீடுகள் இன்னும் உணரவில்லை என்பது என் கருத்து. உயர்நிலைப் பள்ளி இயற்பியல் படிக்கும் நீங்கள்தான் இதை வீட்டில் எடுத்துச் சொல்லத் தகுந்தவர்கள். ஏன் என்று பார்ப்போம்.

குளிரை உண்டாக்கும் எந்திரமா?

ஏசி குளிரை உண்டாக்குகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் குளிர் என்று தனிப்பொருள் எதுவும் இல்லை. வெப்பம் குறைந்த நிலையைத்தான் குளிர் என்கிறோம்.

தண்ணீர் தானாக மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். கிணற்றிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏற்ற வேண்டுமானால் மோட்டார் வேண்டும். வெப்பமும் அப்படியே. சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத் தானாகப் பாயும். 24 டிகிரி உள்ள அறையிலிருந்து 40 டிகிரி உள்ள தெருவுக்கு அதை ஏற்றவேண்டுமானால் ஒரு பம்பு வேண்டும். அந்த வெப்ப பம்புதான் ஏசி. உங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியும் வெப்ப பம்புதான்.

வேலை நடக்கும் விதம் எளியது. மண்பானையில் நீர் ஆவியாகும்போது பானை குளிர்கிறது அல்லவா? அறைக்குள் இருக்கும் குழாயிலும் ஒரு திரவம் தாழ்ந்த அழுத்தத்தில் கொதித்து ஆவியாகி, அறையின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். கம்பிரசரும் அந்த ஆவியை அமுக்கிச் சூடாக்குகிறது. தெருவைவிடச் சூடாகிவிட்ட அந்த ஆவி, வெளிப்பெட்டியில் தன் வெப்பத்தை விட்டுவிட்டு மீண்டும் திரவமாகிறது. இந்தச் சுழற்சி இடைவிடாமல் நடக்கிறது.

கட்டடங்களைக் குளிரவைக்கவும் சூடாக்கவும் இத்தகைய எந்திரம் உதவும் என்று 1852ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டியவர் வில்லியம் தாம்சன். கெல்வின் பிரபு என்று நாம் பாடத்தில் படிக்கும் அதே அறிஞர்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒன்றரை டன் ஏசி என்கிறோமே, அது எந்திரத்தின் எடை அன்று. செயற்கை ஐஸ் வருமுன், அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சென்னைக் கடற்கரையில் 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸில் சேமித்து வைத்தார்கள். இன்று அது விவேகானந்தர் இல்லம். பனிக்கட்டியே குளிருக்கு வழியாக இருந்த அக்காலத்தின் நினைவு 'டன்' என்னும் அளவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓர் அமெரிக்க டன், அதாவது சுமார் 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பமே ஒரு டன் குளிர்ச்சி. அது 3.5 கிலோவாட்.

ஆகவே ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது அறையிலிருந்து சுமார் 5.3 கிலோவாட் வெப்பத்தை இறைக்கிறது. அதற்கு அது 1.5 கிலோவாட் மின்சாரம் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றல் அழியாது என்று படித்திருக்கிறோம். எனவே அந்த மின்சாரமும் கடைசியில் வெப்பமாகி வெளிப்பெட்டி வழியாகத்தான் போகவேண்டும். 5.3 உடன் 1.5 சேர்ந்தால் 6.8 கிலோவாட்.

அது எவ்வளவு என்று புரிய இன்னொரு கணக்கு. 28 டிகிரியில் உள்ள குழாய்த் தண்ணீரைக் குளிப்பதற்கு இதமான 40 டிகிரிக்கு உயர்த்த லிட்டருக்குச் சுமார் 50 கிலோஜூல் தேவை. 6.8 கிலோவாட் ஒரு மணி நேரத்தில் தருவது 24,480 கிலோஜூல். அதாவது ஏறக்குறைய 490 லிட்டர் வெந்நீர்! ஒரு சுவரில் இவ்வளவு வெப்பத்தைத் தெருவில் கொட்டிக்கொண்டு, அடுத்த சுவரில் கெய்சர் மாட்டி மின்சாரத்தால் தண்ணீர் காய்ச்சுகிறோம். வெப்ப பம்பினாலேயே தண்ணீர் காய்ச்சும் எந்திரங்களை இந்தியாவில் ஓட்டல்களும் விடுதிகளும் பயன்படுத்தி வருகின்றன. வீடுகளில்தான் அதைப் பற்றிய பேச்சே இல்லை.

பெட்டியை எங்கே மாட்டுவது?

கார்னோ என்ற பிரெஞ்சு அறிஞர் 1824இல் வகுத்த கோட்பாட்டிலிருந்து ஓர் எல்லை கிடைக்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்தால் அதிகபட்சம் எத்தனை யூனிட் வெப்பத்தை இறைக்கலாம்? கெல்வின் அளவில் அறையின் வெப்பநிலையை, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் விடை வரும்.

அறை 24 டிகிரி, வெளியே 40 டிகிரி என்றால், 297ஐ 16ஆல் வகுக்க வேண்டும். விடை சுமார் 18.5. உண்மை எந்திரங்கள் இதற்கு வெகு கீழேதான் நிற்கும். ஆனால் எந்தத் திசையில் போனால் லாபம், எந்தத் திசையில் போனால் நட்டம் என்பதை இந்தக் கணக்கு சரியாகக் காட்டிவிடும்.

இப்போது அதே வெளிப்பெட்டியை இரண்டு வீடுகளுக்கு நடுவே மூன்றடிச் சந்தில் மாட்டுங்கள். அல்லது மூடிய பால்கனிக்குள் வையுங்கள். அது விட்ட அனலையே அது திரும்ப உறிஞ்சும். பெட்டியைச் சுற்றிலும் காற்று 50 டிகிரி ஆகிவிட்டால், 297ஐ 26ஆல் வகுக்க வேண்டும். விடை சுமார் 11.4. எல்லையே ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது! ஐந்து நட்சத்திர எந்திரம் வாங்கக் கூடுதலாகக் கொடுத்த பணம் அந்தச் சந்திலேயே கரைந்துபோகிறது. எதிர்வீட்டு ஜன்னலுக்குள்ளும் அந்த அனல் நுழைகிறது. ஏசி இல்லாத அந்த வீட்டார் உங்கள் குளிர்ச்சிக்காகத் தங்கள் தூக்கத்தை இழக்கிறார்கள். இது வெறும் சிக்கனப் பிரச்சினை அன்று, நியாயத்தைப் பற்றியதும்கூட.

இதே கணக்கில் அறையை 20 டிகிரிக்கு இறக்கிப் பாருங்கள். வெளியே 40 டிகிரி எனில் எல்லை 18.5இலிருந்து 14.6 ஆகக் குறையும். போதாதென்று, வெளியிலிருந்து அறைக்குள் கசியும் வெப்பமும் கூடும். 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி விதி செய்திருப்பது இதனால்தான்.

குளிர்நாட்டு வீடுகளின் அனுபவம்

இதே எந்திரத்தைத் திருப்பி வைத்து, வெளிக்குளிரிலிருந்து வெப்பத்தை இறைத்து வீட்டுக்குள் விடலாம். நார்வேயில் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் இப்படித்தான் சூடாகின்றன. அங்கெல்லாம் 'வெப்ப பம்பு' என்றாலே வீட்டைச் சூடாக்கும் எந்திரம்தான்.

பிரிட்டனில் எரிசக்திச் சேமிப்பு அறக்கட்டளை என்னும் அமைப்பு, இத்தகைய எந்திரம் பொருத்திய 83 வீடுகளில் அளவெடுத்து 2010இல் முடிவை வெளியிட்டது. சில வீடுகளில், செலவான மின்சாரத்தைப்போல் சுமார் மூன்று மடங்கு வெப்பம் கிடைத்தது. சில வீடுகளில் இரண்டு மடங்குகூட இல்லை. எந்திரத்தை அமைத்த விதமும் பொருத்திய விதமும் பெரிய காரணங்கள். வீட்டுக்காரர்கள் அதை இயக்கிய விதம் இன்னொரு காரணம். பலருக்கு அதன் கட்டுப்பாட்டுக் கருவி விளங்கவே இல்லை. மாட்டிவிட்டுப் போனவர்கள் விளக்கிச் சொல்லவும் இல்லை. குளிர்நாட்டில் கண்ட இந்த உண்மை நம் ஊருக்கும் அப்படியே பொருந்தும்.

மெக்கானிக்கின் இரண்டு மணி நேரம்

பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓடவேண்டிய எந்திரத்தின் தலையெழுத்து, மெக்கானிக் வீட்டில் இருக்கும் இரண்டு மணி நேரத்தில் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. செப்புக் குழாய்களை இணைத்தபின் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வாக்யூம் பம்பு வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். அவசரத்தில் இதை விட்டுவிட்டால் எந்திரத்தின் திறனும் ஆயுளும் குறையும்.

"வருடா வருடம் காஸ் நிரப்ப வேண்டும்" என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். இது தவறு. காஸ் என்பது பெட்ரோலைப்போல் எரிந்து தீரும் பொருள் அன்று. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது அது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவது போன்றது. இன்று பெரும்பாலான புதிய ஏசிகளில் உள்ள ஆர்-32 என்ற வாயு ஒரு கிலோ கசிந்தால், 675 கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமமான அளவு பூமி சூடேறும். இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016இல் கிகாலியில் உலக நாடுகள் உடன்பட்டன. இந்தியா அதை 2021இல் ஏற்றது. ஆனால் உடன்படிக்கை காப்பாற்றப்படுவது நம் வீட்டுச் சுவரில் இருக்கும் இணைப்பு நட்டுகளில்தான்.

மெக்கானிக்கைக் குறை சொல்லி முடித்துவிடக் கூடாது. நாலாவது மாடியில், இடுப்புப் பட்டைகூட இல்லாமல் சன்ஷேடு மேல் நின்று பெட்டியை மாட்டும் மனிதரிடம் நிதானத்தை எப்படி எதிர்பார்ப்பது? வீடு கட்டும்போதே வெளிப்பெட்டிக்குக் காற்றோட்டமுள்ள, ஆள் நின்று வேலை செய்யக்கூடிய இடம் ஒதுக்க வேண்டும். ஐ.டி.ஐ.களில் இதற்கென்று தனித் தொழிற்பிரிவே இருக்கிறது. அங்கே முறையாகக் கற்றவரின் உழைப்புக்கு உரிய கூலி கொடுக்க நாமும் தயங்கக் கூடாது.

ஏசி ஆடம்பரமா?

"ஏசி வேண்டாம், மின்விசிறி போதும்" என்று சொல்வது எளிது. சிப்காட் வளாகத்து உருக்காலையில் இரவு ஷிப்டு முடித்துவிட்டு, கான்கிரீட் தளத்தின் கீழே உச்சிவெயிலில் தூங்க வேண்டிய தொழிலாளியிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. திருத்தணி போன்ற ஊர்களில் கோடை வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் குளிர்ந்த அறை உயிர் காக்கும் பொருள்.

கும்மிடிப்பூண்டி வழியாக வடக்கே போகும் அதே சாலையில், எல்லை தாண்டினால் ஸ்ரீசிட்டி. டைக்கின், புளூ ஸ்டார் போன்ற நிறுவனங்கள் அங்கே ஏசி செய்கின்றன. எந்திரம் நம் பக்கத்திலேயே உருவாகிறது. அதற்கான மின்சாரத்தில் ஒரு பகுதியும் நம் மாவட்டத்திலேயே, அத்திப்பட்டிலும் வல்லூரிலும் நிலக்கரி எரித்து உண்டாகிறது. அனல் மின்நிலையத்தில் எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. எண்ணூர்க் கழிமுகத்தின் மீனவர்களுக்கு அந்தச் சாம்பலின் தொல்லை நன்கு தெரியும். ஒருவர் வீட்டில் வீணாகும் மின்சாரத்தின் விலையை இப்படி இன்னொருவரும் கொடுக்கிறார்.

ஆகவே, வெப்பத்தை வெளியே இறைக்கும் முன் அது உள்ளே வருவதைத் தடுப்போம். ஓட்டையை அடைக்காமல் படகிலிருந்து நீரை இறைப்பவர் உண்டா? நம் முன்னோர் மொட்டை மாடியில் சுருக்கி போட்டுத் தட்டோடு பதித்தது இதற்காகத்தான். அதற்கு வசதி இல்லையென்றால் மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம். மேற்கு ஜன்னலுக்கு வெளியே கீற்றுத்தட்டி கட்டலாம். இவற்றைச் செய்த அறைக்குச் சிறிய எந்திரமே போதுமானதாக இருக்கும். பணம் இருக்கிறதென்று தேவைக்கு மேல் பெரிய டன் வாங்குவதும் கெட்டிக்காரத்தனம் அன்று.

நீங்கள் செய்ய வேண்டியது

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ ஏசி இருந்தால் ஒரு வெப்பமானியை எடுத்துக்கொள்ளுங்கள். மாடியிலோ பால்கனியிலோ கைக்கெட்டும் இடத்தில் வெளிப்பெட்டி இருந்தால், அது காற்றை உறிஞ்சும் பின்பக்கத்தில் வெப்பநிலையை அளந்து எழுதுங்கள். சுவரில் தொங்கும் பெட்டியை எட்டிப் பிடிக்க முயலாதீர்கள். பிறகு தெருநிழலில் அளந்து எழுதுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றானால் பெட்டி நல்ல இடத்தில் இருக்கிறது. பல டிகிரி வித்தியாசம் இருந்தால் மேலே சொன்ன வகுத்தல் கணக்கைப் போட்டு அப்பாவிடமும் அம்மாவிடமும் காட்டுங்கள்.

புதிதாக வாங்கப் போகிறார்களா? கடைக்குப் போகும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: மாடிச் சூட்டைக் குறைத்துவிட்டோமா? வெளிப்பெட்டியின் அனல் யார் ஜன்னலை நோக்கிப் போகும்? வாக்யூம் பம்பு கொண்டுவருவாரா மெக்கானிக்? சின்னப் பிள்ளை கேட்கும் கேள்வி என்று யாரும் தள்ளிவிட முடியாது. வரப்போகும் பத்து ஆண்டு மின்கட்டணம் அந்தக் கேள்விகளில் அடங்கியிருக்கிறது.