ஒரு துளியில் பத்து வருஷம்

"இதென்ன, நம் பக்கத்தில் மதுபான சமாசாரம்!" என்று புருவத்தை நெரிக்கும் வாசகிகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரையும் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. ஆனால் ருசி பார்ப்பது என்று ஒரு கலை இருக்கிறது பாருங்கள், அதற்கும் குடிப்பதற்கும் வெகு தூரம். காப்பி டிகாக்ஷன் வாசனை அடுப்பங்கரையிலிருந்து வந்ததுமே, "இன்றைக்குக் கொட்டை கொஞ்சம் தீய்ந்து போயிற்றோ?" என்று கேட்டுவிடுகிற பாட்டிமார் நம் வீடுகளில் எத்தனை பேர்! மெக்ஸிகோ தேசத்தில் வஹாகா மாநிலத்துக் கிராமங்களிலும் அப்படிப்பட்ட மூக்கும் நாக்கும் படைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சோதித்துப் பார்க்கும் பானத்துக்கு மெஸ்கல் என்று பெயர்.

ரயில் பாதை ஓரத்தில், சாம்பல் கலந்த பச்சை நிறத்தில், மடல் நுனியில் ஊசி முள்ளோடு வேலி மாதிரி நிற்கும் ஆனைக் கற்றாழையைப் பார்த்திருப்பீர்கள். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம் தேசத்துக்கு வந்து சேர்ந்த செடி. தலைக்குத் தேய்த்துக் கொள்கிறோமே, அந்தச் சோற்றுக் கற்றாழை வேறு குடும்பம். ஆனைக் கற்றாழையின் சொந்த பந்தங்களை மெக்ஸிகோவில் மாகேய் என்கிறார்கள். அதன் அடித்தண்டைச் சுட்டு, நசுக்கி, புளிக்க வைத்து, வடித்து எடுப்பதுதான் மெஸ்கல். அந்த நாட்டுப் பழைய பாஷையான நாவட்லில் அந்தச் சொல்லுக்கே 'சுட்ட மாகேய்' என்றுதான் அர்த்தம்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. திராட்சைக் கொடி வருஷா வருஷம் காய்க்கும். கரும்பை வெட்டினால் மறுபடி துளிர்க்கும். மாகேய் அப்படியல்ல. ஆயுளில் ஒரே ஒரு தடவை பூக்கும். பூத்ததும் செத்துப் போகும். அந்தப் பூவுக்கென்று வருஷக் கணக்கில் அது சேர்த்து வைக்கும் சத்தைத்தான் மனிதர்கள் எடுத்துக் கொள்கிறார்கள். தோட்டத்தில் பயிராகும் எஸ்பதீன் என்ற ஜாதி முற்றுவதற்கு 6 முதல் 10 வருஷம் ஆகும். மலையில் தானாக முளைக்கும் தோபலாவுக்கு 10 முதல் 15 வருஷம். பாறை இடுக்கில் வளரும் தெபெஸ்தாதெ என்ற ஜாதிக்கோ 25 வருஷம் கூட ஆகிவிடும். அது முளைவிட்ட அன்று பிறந்த பெண் குழந்தை, அதை வெட்டும் நாளில் கல்யாணமாகித் தன் குழந்தையை இடுப்பில் வைத்துக் கொண்டிருப்பாள்!

மடல்களைச் சீவி எறிந்தால் நடுவில் மிஞ்சும் உருண்டை அன்னாசிப் பழம் போல இருக்கும். அதற்கு அவர்கள் வைத்த பெயரும் அன்னாசிதான். தரையில் பெரிய குழி தோண்டி, விறகை எரித்து, மேலே கற்களைப் போட்டுப் பழுக்கக் காய்ச்சுகிறார்கள். அதன் மேல் உருண்டைகளை அடுக்கி, ஈரச் சக்கையும் பாயும் மண்ணும் போட்டு மூடிவிடுகிறார்கள். மூன்று முதல் ஐந்து நாள் அப்படியே வேகும். சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சுட்டால் தித்திப்பு ஏறுகிறதல்லவா? அதே மாதிரிதான் இதுவும். மெஸ்கலில் வீசும் புகை வாசனை பிறப்பதும் இந்தக் குழியில்தான்.

வெந்ததைக் குதிரையோ கோவேறு கழுதையோ சுற்றி இழுக்கும் கல் சக்கரத்தால் நசுக்குகிறார்கள். சில ஊர்களில் மரச் சம்மட்டியால் கையாலேயே இடிக்கிறார்கள். நசுங்கியதைத் திறந்த மரத்தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டால், காற்றில் இருக்கும் நுண்ணுயிர்களே அதைப் புளிக்க வைத்துவிடும். வெயில் காலத்தில் சீக்கிரம் பொங்கும், குளிர் காலத்தில் நாளாகும். தோசை மாவு அரைத்து வைக்கும் வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை! பிறகு செம்புப் பானையிலோ மண் பானையிலோ இரண்டு தடவை வடிக்கிறார்கள். முதலில் இறங்குவது தலை, நடுவில் வருவது இதயம், கடைசியில் வருவது வால். எங்கே நிறுத்துவது, எதை எதோடு கலப்பது என்பதெல்லாம் வடிப்பவரின் அனுபவத்தைப் பொறுத்தது.

சரக்கு பதமாக வந்துவிட்டதா என்று பார்க்கும் விதம் வேடிக்கையானது. ஒரு நாணல் குழாயால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, சுரைக் குடுக்கை போன்ற ஒரு காயின் ஓட்டில் உயரத்திலிருந்து விழ விடுவார்கள். மேலே முத்து முத்தாகக் குமிழிகள் எழும். உடனே உடைந்தால் பதம் சரியில்லை. சற்று நேரம் ஓரமாகக் கோத்து நின்றால் பதம் சரி. இது வெறும் நம்பிக்கை இல்லை. 2020ல் ராபர்ட்டோ ஸெனிட் என்ற விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் இந்தக் குமிழிகளை ஆராய்ந்தார்கள். சாராயச் சத்து பாதிக்குப் பாதியை ஒட்டி இருக்கும்போதுதான் அவை அதிக நேரம் நிற்கின்றன என்று காட்டினார்கள். பாகு கம்பிப் பதம் வந்துவிட்டதா என்று விரலால் இழுத்துப் பார்க்கிறோமே, அதுவும் இப்படிப்பட்ட விஞ்ஞானம்தான்.

சரி, ருசி பார்ப்பது எப்படி? உப்பை நக்கி, ஒரே மடக்காக விழுங்கி, எலுமிச்சம்பழத்தைக் கடிக்கும் கூத்தெல்லாம் இதற்கு ஆகாது. முதலில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுச் சூடு பறக்கத் தேய்ப்பார்கள். சாராய நெடி பறந்து போனதும், கையில் சுட்ட மாகேயின் வாசனை மிஞ்ச வேண்டும். பிறகு வாயைச் சற்றே திறந்தபடி கிண்ணத்தை முகர்வார்கள். அப்போது நெடி மூக்கைத் தாக்காது. முதல் சொட்டு நாக்கைப் பழக்குவதற்கு மட்டுமே. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இரண்டாவது சொட்டை நாக்கில் உருட்டி நிதானமாக இறக்கினால்தான் அது பேசத் தொடங்கும். 'மெஸ்கலை முத்தமிடுவது போலப் பருக வேண்டும்' என்பது அந்த ஊர் வழக்கு. இடையிடையே தண்ணீர், பக்கத்தில் ஆரஞ்சுச் சுளை.

புகை நெடி எவ்வளவு தூக்கலாக இருக்கிறதோ அவ்வளவு உசத்தி என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். வாஸ்தவத்தில் சாம்பாருக்குப் பெருங்காயம் எப்படியோ அப்படித்தான் மெஸ்கலுக்குப் புகை. இருக்கிறது என்று தெரிய வேண்டும், ஆனால் மற்றதை அமுக்கிவிடக் கூடாது. சுட்ட தித்திப்பு, பச்சைத் தழை, மழை நனைத்த மண் என்று ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு ஊரும் தன் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். புட்டியின் அடியில் புழு கிடந்தால்தான் அசல் என்பதும் கட்டுக்கதையே. அது போன நூற்றாண்டின் நடுவில் வியாபாரத்துக்காகக் கிளம்பிய தந்திரம். நல்ல மெஸ்கலுக்குப் புழு வேண்டியதில்லை. இன்னொரு ரகத்தைக் கேட்டால் சைவக் குடும்பங்கள் காதைப் பொத்திக் கொள்ளும். கல்யாணம், திருவிழா என்று வந்தால் மூன்றாம் தடவை வடிக்கும்போது, பழங்களும் வாசனைச் சாமான்களும் போட்டு, ஆவி படும்படி ஒரு கோழி மார்பையும் கட்டித் தொங்க விடுகிறார்கள்!

இத்தனை நிதானமாக ருசி பார்ப்பதற்கு ஒரு முக்கியமான காரணம் உண்டு. இது அவசரத்தைத் தாங்கும் பொருள் அல்ல. பதிவுக் கணக்குப்படி 2011ல் மெக்ஸிகோவில் தயாரான மெஸ்கல் சுமார் 10 லட்சம் லிட்டர். 2022ல் அது 1 கோடியே 40 லட்சம் லிட்டராகிவிட்டது. உலகத்து நகரங்களெல்லாம் கேட்கின்றன; தொழிற்சாலைகளும் இயந்திரத்தோடு வந்துவிட்டன. இயந்திரம் வேகமாக ஓடலாம், செடியை யார் விரட்ட முடியும்? பொறுமை இல்லாதவர்கள் மலையில் இருக்கும் காட்டு மாகேயைப் பூக்குமுன்பே தோண்டி எடுத்துப் போகிறார்கள். பூ இல்லாவிட்டால் விதை இல்லை. இரவில் அந்தப் பூவிலே தேன் குடித்து மகரந்தம் சுமக்கும் வௌவாலுக்கும் பட்டினிதான். அதனால்தான் ரொட்ரீகோ மெடலின் என்ற வௌவால் விஞ்ஞானி, நூற்றில் ஐந்து செடியையாவது வெட்டாமல் பூக்க விடுங்கள் என்று பயிரிடுவோரிடம் எடுத்துச் சொல்லி வருகிறார்.

இதை நடத்திக் காட்டும் ஒரு பெண்மணியையும் சொல்ல வேண்டும். சான்ட்டா கத்தரீனா மீனாஸ் என்ற ஊர் மண் பானையில் மெஸ்கல் வடிப்பதற்குப் பெயர் போனது. அங்கே தலைமுறை தலைமுறையாக வந்த ரியல் மினேரோ என்ற குடும்பத் தொழிலை முன்நின்று நடத்துகிறவர் கிராசியேலா ஆன்ஹெலஸ். வெட்டுவதோடு நிற்காமல், விதையிலிருந்து நாற்று எழுப்பிப் பல ஜாதி மாகேயை வளர்த்து வருகிறார். ஆண்களின் தொழில் என்று பெயரெடுத்த இதில் பெண்களின் உழைப்பு என்றைக்கும் உண்டு. பெயர்தான் வெகுகாலம் வெளியே வரவில்லை. இப்போது வருகிறது.

ஆகவே ருசி பார்க்கத் தெரிந்தவர்கள் கிண்ணத்தைக் கையில் எடுக்குமுன் கேள்வி கேட்கிறார்கள். எந்தச் செடி? அதற்கு எத்தனை வயசு? எந்தக் கிராமம்? வடித்தது யார்? மெக்ஸிகோ அரசாங்கம் 2017ல் வெளியிட்ட விதியும் சாதா மெஸ்கல், கைத்தொழில் மெஸ்கல், முன்னோர் வழி மெஸ்கல் என்று மூன்றாகப் பிரித்து, சீட்டில் போடச் சொல்கிறது. நேர்மையான புட்டியின் சீட்டைப் பார்த்தாலே பதில் கிடைத்துவிடும். பதில் சொல்லாத புட்டியை அவர்கள் வாங்குவதில்லை. வாங்குகிறவர்கள் கேட்கக் கேட்க, விற்கிறவர்களும் செடியைப் பூக்க விட்டுத்தான் தீர வேண்டும்.

நமக்கு மெஸ்கல் வேண்டாம், சரி. ஆனால் அந்தக் கேள்விகள் வேண்டும். தேனோ, வெல்லமோ, கைத்தறிச் சேலையோ வாங்கப் போகும்போது, "எந்த ஊர்? யார் கை? எத்தனை நாள் வேலை?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் ஒரு நிமிஷம் திகைப்பார். அடுத்த தடவை தெரிந்து வைத்துக்கொண்டு சொல்வார்.