எது ஒரிஜினல்?



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு பாட்டு அனுப்பியிருந்தார். ஓர் இளைஞர் கிடாரோடு பாரதியாரின் ‘சின்னஞ்சிறு கிளியே’ பாடுகிறார். கூடவே, “ஐயா, ஒரிஜினலை இப்படிக் கெடுக்கலாமா?” என்று ஒரு கேள்வி. அவருக்கு மட்டும் பதில் சொல்லாமல் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

அவர் ஒரிஜினல் என்று நினைப்பது 1951இல் வந்த ‘மணமகள்’ படப் பாட்டு. சி.ஆர்.சுப்புராமன் ராகமாலிகையாக மெட்டமைக்க, எம்.எல்.வசந்தகுமாரியும் வி.என்.சுந்தரமும் பாடியது. பாரதியார் காலமானது 1921இல். அதற்கு முப்பது வருடம் கழித்து வந்த மெட்டு அது!

பாரதியார் தம் பாட்டைத் தாமே பாடியவர். புதுச்சேரியில் அவர் பாடக் கேட்டதை யதுகிரி அம்மாள் எழுதிவைத்திருக்கிறார். புத்தகத்தில் இந்தப் பாட்டுக்கு மேலே பைரவி ராகம், ரூபக தாளம் என்று போட்டிருக்கும். ஆனால் அவர் குரல் எந்த இசைத்தட்டிலும் இல்லை. 1919இல் நம் காரைக்குடிக்கு வந்தபோது இந்து மதாபிமான சங்கத்தாரோடு எடுத்த போட்டோ இருக்கிறது. முகம் கிடைத்தது, குரல் கிடைக்கவில்லை.

ஆகவே நாம் கேட்பதெல்லாம் மற்றவர் பாடியதுதான். அதில் நம் ஊருக்கும் பங்குண்டு. ஏவி.மெய்யப்ப செட்டியார் காரைக்குடி ஸ்டுடியோவில் எடுத்து 1947இல் வெளியிட்ட ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே.பட்டம்மாள் பாரதி பாட்டுகளைப் பாடினார். அந்தப் பாட்டுகளின் ஒலிப்பதிவு உரிமை அப்போது செட்டியாரிடம் இருந்தது. பிறகு அதை அரசுக்கே கொடுத்துவிட்டார். அது ஒருவர் பெட்டியிலேயே பூட்டிக் கிடந்திருந்தால் இத்தனை மெட்டு வந்திருக்குமா? இதே கிளிப் பாட்டுக்கு 1987இல் ‘நீதிக்குத் தண்டனை’ படத்தில் எம்.எஸ்.விஸ்வநாதன் வேறு மெட்டுப் போட்டார். ஜேசுதாஸோடு பாடிய ஸ்வர்ணலதாவுக்கு அதுதான் முதல் திரைப்பாட்டு.

எனக்கு இன்றும் எம்.எல்.வி. பாடியதுதான் உயிர். ஆனால் பிடித்தது வேறு, அளவுகோல் வேறு. புதிதாக ஒருவர் பாடினால் பழைய மெட்டோடு ஒப்பிடாதீர்கள். முதலில் புத்தகத்தில் பாட்டை ஒரு தரம் வாய்விட்டுப் படியுங்கள். பராசக்தியையே குழந்தையாகக் கண்டு பாடியது என்று அங்கே போட்டிருக்கும். அந்தக் கொஞ்சலும் பக்தியும் பாடுகிறவர் குரலில் வருகிறதா, சொல் சிதையாமல் காதில் விழுகிறதா, அதைப் பாருங்கள். அந்தக் கிடார்ப் பையன் இரண்டிலும் தேறிவிட்டான்.

இனி காரணம். பல வருடங்களுக்கு முன், டிசம்பர் 11 பாரதி விழாவுக்காக ஒரு மாணவி இதே பாட்டைத் தன் அப்பத்தா சொல்லிக்கொடுத்த மெட்டில் பாடினாள். “இது தப்பு, ரெக்கார்டைக் கேட்டுவிட்டு வா” என்று வகுப்பு முழுவதும் கேட்கச் சொன்னேன். அவள் விழாவில் பாடவே இல்லை.

தப்பு என்னுடையது, அம்மா. நீ இதைப் படித்தால், அப்பத்தா மெட்டு இன்னும் நினைவிருந்தால், பாடி அனுப்பு. இந்த முறை முழுசாகக் கேட்கிறேன்.