நுங்கும் ஸ்க்விஷியும்

வள்ளியூர் ஃபேன்சி ஸ்டோர்களில் 'ஸ்க்விஷி' என்றொரு பொம்மை தொங்குகிறது. அமுக்கினால் அமுங்கும், விட்டால் மெல்ல எழும்பும். ஒன்றை வாங்குவதற்குள் பிள்ளைகள் கடையிலுள்ள அத்தனையையும் அமுக்கிப் பார்த்துவிடுகிறார்கள். அவர்களுக்கு அது பொம்மையின் பெயர். ஆங்கிலத்திலோ, ஈரத்தோடு பிதுங்கும் எந்த மென்மைக்கும் சொல்லக்கூடிய அடைமொழி.

இந்த மெதுமெதுப்பான சொல்லின் பூர்வீகம் கொஞ்சம் முரட்டுத்தனமானது. நசுக்குதல் என்ற பொருளுள்ள 'ஸ்குவாஷ்' என்ற வினைதான், நசுங்கும் சத்தத்தையும் சேர்த்துக்கொண்டு 'ஸ்க்விஷ்' ஆனது. ஸ்குவாஷ் பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனுக்குப் போகிறது. அங்கே அதற்கு உலுக்குதல், நொறுக்குதல் என்று பொருள். பூசணி வகைக்குச் சொல்லும் ஸ்குவாஷ் இந்தக் குடும்பமே இல்லை. அமெரிக்கப் பூர்வகுடிகளான நாரகன்செட் மக்களின் சொல் அது, பச்சையாகத் தின்பது என்று அர்த்தம்.

பச்சையாகத் தின்பது என்றால் எங்கள் பக்கத்தில் நுங்குதான். இடையன்குடியில் 1841 முதல் வாழ்ந்து, 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல்லைச் சுற்றி நின்றதும் இதே பனைகள்தாம். வேர்ச்சொல் தேடுவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை.

நுங்கு வெட்டுகிற அண்ணாச்சியின் கையைப் பாருங்கள். அரிவாளால் தலையைச் சீவியதும் பெரும்பாலும் மூன்று கண் தெரியும். "எளசா, முத்துனதா?" என்பார். இளசு என்றால் கட்டைவிரல் பட்டதுமே உடைந்து, தண்ணீர் முழங்கைவரை வழியும். கொழகொழவென்று தொண்டையில் இறங்கிவிடும். அடுத்த பதம் வழவழவென்று வழுக்கும், பல்லுக்கும் கொஞ்சம் வேலை வைக்கும். அதையும் தாண்டி முற்றிய நுங்குக்கு எங்கள் பக்கத்தில் கடுக்காய் என்று பெயர். தின்றால் வயிறு வலிக்கும் என்று வீட்டில் திட்டுவார்கள், நாங்கள் தின்போம். பயினியில், அதாவது பதநீரில், நுங்கைப் போட்டு ஓலைப் பட்டையில் குடிப்பதற்கு நடுப் பதமே சரி. இளசு கரைந்து காணாமல் போய்விடும்.

கொழகொழ, வழவழ, நொளநொள, மெத்துமெத்து என்று நாம் இரட்டித்துச் சொல்வதை எல்லாம் ஸ்க்விஷி என்ற ஒற்றைச் சொல்லில் அடக்க முடியாது. நொளநொள என்றாலே முகம் சுளிக்கிறது. மெத்துமெத்து என்றால் கை நீள்கிறது. பனையிலேயே மெத்துமெத்துக்கும் ஆள் உண்டு. பழம் விழுந்து, கொட்டையைப் புதைத்து, கிழங்கு இறங்கும் நாளில் அந்தக் கொட்டையைப் பிளந்தால் கிடைக்கும் தவுன். பஞ்சு மாதிரி இருக்கும், லேசாக இனிக்கும்.

இப்போது நுங்கை முன்கூட்டியே தோண்டி, பிளாஸ்டிக் கவரில் கட்டி விற்கிறார்கள். வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்தால் அது நொளநொளதான். காசு கொஞ்சம் கூடுதலானாலும் கண் முன்னால் சீவச் சொல்லி வாங்குங்கள். அந்தப் பழுப்புத் தோலையும் உரிக்காதீர்கள், துவர்ப்பு அதில்தான் இருக்கிறது.