பச்சைப் பூச்சும் பழைய ஜீப்பும்

கடலூரினின்று சிதம்பரம் செல்லும் பெருவழியில், பச்சை வண்ணமும் வெள்ளை நட்சத்திரமும் தாங்கிய பழைய ஜீப் ஒன்று எதிர்ப்படின், அஃது உலகப் போர் கண்டதே என நம்மிற் பலர் உறுதிகொள்வர். வண்ணத்தை நம்புதல், ஏட்டைச் சுற்றிய துணியைக் கண்டு ஏட்டின் காலத்தைத் துணிதல் போலாம்.

மெய்ச்சான்று இரும்பில் உளது. 1942 முதல் 1945 வரை வில்லிஸ் நிறுவனத்தார் படைக்கென ஆக்கிய ‘எம்.பி.’ ஜீப்பின் முகப்புத் தகட்டில் ஒன்பது பிளவுகள். 1945இல் குடிமக்களுக்கென வந்த ‘சி.ஜே. 2ஏ’யில் ஏழே. முன்னதன் விளக்குகள் சிறியன, உள்ளொடுங்கியன; பின்னதன் விளக்குகள் பெரியன. படைஜீப்பிற்குப் பின்கதவு இல்லை. பெட்ரோல் ஊற்றும் வாயும் ஓட்டுநர் இருக்கையின் கீழ் மறைந்திருக்கும். முகப்புத் தகடு மாற்றத்தக்கதே. ஆதலின் ஒரு குறியால் துணியாது, இடைச்செருகலை ஆராயும் புலவர்போல் எல்லாக் குறிகளும் ஒத்து நிற்பனவோ எனக் காண்டல் வேண்டும்.

நம் நாட்டில் மகிந்திரா நிறுவனத்தார் ஆக்கிய, பானெட்டு உயர்ந்த ‘சி.ஜே. 3பி’ வகையோ அமெரிக்காவில் 1953இல் தோன்றியது. அதனை 1944ஆம் ஆண்டினதாகப் புனைந்து விற்பது வாங்குவோனை வஞ்சிப்பதோடு அமையாது. நம் ஊர்ச் சாலைகளில் அவ்வண்டி தானே ஈட்டிய வரலாற்றையும் அழிக்கும். பணம் இழப்பதினும் இதுவே எமக்குக் கொடிதாகத் தோன்றுகின்றது. சேஸிஸில் பொறித்த எண்ணைக் காட்ட விற்போர் மறுப்பின், வாங்காது மீள்க.