11 மாத அக்ரிமென்ட் உங்களைக் காப்பாத்துமா? வீட்டை வாடகைக்கு விடுறவங்க கவனிக்க!

லோன் போட்டு ஒரு ஃபிளாட் வாங்கி, அதை வாடகைக்கு விட்டுட்டு வேற ஊர்ல வேலை பார்க்கிறவங்க நம்ம சேனல் பார்க்கிறவங்கள்ல நிறைய பேர் இருப்பீங்க. உங்களுக்கு வாடகைங்கிறது உபரி வருமானம் இல்லை. அஞ்சாம் தேதி இஎம்ஐ போகுது, அதுல பாதியை அந்த வாடகைதான் தாங்குது. மூணு மாசம் வாடகை வரலைன்னா உங்க சம்பளத்துல எதை நிறுத்துவீங்கன்னு ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்க.

அவ்வளவு முக்கியமான பணத்துக்கு உங்க கையில இருக்கிற பாதுகாப்பு என்ன? ஜெராக்ஸ் கடையில டைப் அடிச்சு, புரோக்கர் கையெழுத்து வாங்கிக் கொடுத்த ரெண்டு பக்க 11 மாத அக்ரிமென்ட். தமிழ்நாட்டுல வீடு வச்சிருக்கிறவங்க அதை மட்டும் நம்பி சாவியைக் கொடுக்கறது தப்புங்கிறதுதான் என்னோட கருத்து.

முதல்ல இந்த 11 மாசக் கணக்கு எங்கிருந்து வந்ததுன்னு பார்ப்போம். 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி, ஒரு வருஷத்துக்கு மேல போற குத்தகைப் பத்திரத்தை சார்பதிவாளர் அலுவலகத்துல கட்டாயம் பதியணும். அந்த அலைச்சலும் செலவும் வேண்டாம்னு ஒரு மாசத்தைக் குறைச்சு 11 மாசம் போட்டாங்க. அந்தக் காலத்துக்கு அது சரியான வழிதான்.

ஆனா 2019 பிப்ரவரி 22-லிருந்து தமிழ்நாட்டுல 1960-ம் வருஷத்து பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கிடையாது. அதுக்குப் பதிலா, நில உரிமையாளர் - வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்துற 2017-ம் வருஷத்துச் சட்டம் நடைமுறைக்கு வந்துடுச்சு. இதுல 11 மாசமா, 3 வருஷமாங்கிற வித்தியாசமே இல்லை. வாடகை ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், அதை ரென்ட் அத்தாரிட்டி என்கிற வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும். துணை ஆட்சியர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி அவர். சார்பதிவாளர் ஆபீஸ் பதிவு வேற, இது வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டு, "11 மாசம்தானே, பதிவு தேவையில்லை"ன்னு இன்னைக்கும் புரோக்கர்கள் சொல்றாங்க. இந்தச் சட்டப்படி பதிவு பண்ணாத ஒப்பந்தத்தை ஆதாரமா எடுத்துக்க முடியாது. அதாவது, பிரச்சினை வர்ற அன்னைக்குத்தான் அந்தக் காகிதம் உதவாம போகும்.

பதிவு பண்றது ஆன்லைன்லயே இருக்கு. டெனன்சி டாட் டிஎன் டாட் கவ் டாட் இன் இணையதளத்துல விண்ணப்பிச்சா ஒரு பதிவு எண் கொடுப்பாங்க. அப்புறம் ஏன் யாரும் செய்யறதில்லை? காரணத்தை வெளிப்படையாவே சொல்லிடலாம்: வரி பயம். "பதிவு பண்ணா வாடகை வருமானம் வெளிய தெரிஞ்சிடும்." இதே பயத்துலதான் சில பேர் குடியிருக்கிறவர்கிட்ட பான் நம்பர் கொடுக்க மாட்டேன், ஹெச்ஆர்ஏ கிளெய்ம் பண்ணாதீங்கன்னு கண்டிஷன் போடறாங்க. நாமளும் ஒரு வாடகை வீட்டுல இருந்துக்கிட்டு, நம்ம ஹவுஸ் ஓனர் அப்படிச் சொன்னா எவ்வளவு கோபம் வரும்!

இந்த பயத்துக்கு அர்த்தம் இருக்கான்னு ஒரு கணக்கு பார்த்துடலாம். மாசம் 18,000 ரூபாய் வாடகைன்னு வைங்க. வருஷத்துக்கு 2,16,000. அதுல 30 சதவீதம், அதாவது 64,800 ரூபாயை எந்த ரசீதும் இல்லாம கழிச்சுக்கலாம். மீதி 1,51,200. இப்ப லோன் 35 லட்சம், 8.5 சதவீத வட்டி, 20 வருஷம்னா இஎம்ஐ சுமார் 30,400. முதல் வருஷத்துல அதுல வட்டி மட்டுமே கிட்டத்தட்ட 2,95,000 வரும். வாடகைக்கு விட்ட வீட்டுக்கு இந்த வட்டியைக் கழிக்க புது வரி முறையிலயும் இடம் இருக்கு. வாடகை வருமானத்தைத் தாண்டின நஷ்டத்தைத்தான் சம்பளத்துல ஈடுகட்ட முடியாது. ஆக, உங்க வாடகை மேல வர்ற வரி பூஜ்யம். கட்ட வேண்டியதே இல்லாத வரிக்குப் பயந்து சட்டப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கறோம். லோன் முடிஞ்ச அப்பா காலத்து வீட்டுக்கு வரி வரும்தான். வரட்டும், அது நியாயமான வரி.

முத்திரைத்தீர்வையையும் இப்படித்தான் விட்டுடறோம். 30 வருஷத்துக்குக் குறைவான குத்தகைக்கு, மொத்த வாடகையும் அட்வான்ஸும் சேர்த்து 1 சதவீதம். மேல சொன்ன வாடகைக்கு 11 மாசம், 54,000 அட்வான்ஸ்னா 2,520 ரூபாய்தான். சும்மா ஒரு 20 ரூபாய் பத்திரத்துல எழுதிட்டா, பிற்பாடு பல மடங்கு அபராதம் கட்டித்தான் அதை கோர்ட்ல காட்ட முடியும்.

அடுத்து அட்வான்ஸ். சென்னையில பத்து மாச அட்வான்ஸ் வாங்கிட்டா பயமில்லைன்னு ஒரு நம்பிக்கை பல வருஷமா இருக்கு. சட்டம், தனியா வேற மாதிரி ஒப்புக்கொண்டா ஒழிய, மூணு மாச வாடகைதான்னு சொல்லுது. எனக்கும் மூணு மாசமே போதும்னுதான் தோணுது. பெரிய அட்வான்ஸ்ங்கிறது உங்க பணம் இல்லை, திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். அதை லோன்ல கட்டிட்டு, காலி பண்ற அன்னைக்கு "அடுத்த ஆள் வரட்டும், வாங்கித் தர்றேன்"னு சொல்றதுலதான் பாதி சண்டை ஆரம்பிக்குது. மீதிச் சண்டை பெயின்ட்டுக்காக. ஒரு மாச வாடகையைக் கண்ணை மூடிக்கிட்டு பெயின்ட்டுக்குப் பிடிக்கற பழக்கம் இருக்கே, சட்டத்தோட அட்டவணையில வெள்ளையடிக்கறது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிக்கறது எல்லாம் ஓனர் பக்கத்துலதான் இருக்கு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட் மாதிரி சின்ன ரிப்பேர்தான் குடியிருக்கிறவர் பக்கம். அதனால சாவி கொடுக்கும்போதே ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து ரெண்டு பேரும் வாட்ஸ்அப்ல வச்சுக்கோங்க.

அக்ரிமென்ட்ல வாடகை எப்போ, எவ்வளவு ஏறும்ங்கிறதை எண்ணுலயே எழுதுங்க. "பரஸ்பர சம்மதத்தின் பேரில்"னு எழுதறது எதையும் எழுதாததுக்குச் சமம். நோட்டீஸ் காலம், மெயின்டனன்ஸ் யார் கட்டறது, உள்வாடகைக்கு விடக் கூடாதுங்கிறது, இதெல்லாம் தெளிவா இருக்கணும். வாடகை பேங்க் வழியா மட்டும் வரட்டும்.

வாடகை வரலைன்னா கரன்ட்டை, தண்ணியை நிறுத்தற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அது சட்டத்துல நேரடியா தடுக்கப்பட்டது. புகார் கொடுக்க வேண்டிய நீங்களே புகாருக்கு ஆளாயிடுவீங்க. வீட்டைப் பார்க்கப் போறதுன்னாலும் 24 மணி நேரம் முன்னாடி எழுத்துல சொல்லணும். உங்க வீடுதான், ஆனா அவர் குடும்பம் இருக்கிற வீடு. ரெண்டு மாச பாக்கி விழுந்து, நோட்டீஸ் கொடுத்தும் கட்டலைன்னா வாடகை கோர்ட்டுக்குப் போய் வீட்டைத் திரும்பக் கேட்கலாம். குடியுரிமை முடிஞ்ச பிறகும் காலி பண்ணாம இருந்தா, அந்தக் காலத்துக்கு ரெண்டு மடங்கு வாடகை கேட்கவும் சட்டத்துல இடம் இருக்கு.

ஏற்கெனவே வாய்வார்த்தையில ஒருத்தர் உங்க வீட்டுல இருக்காரா? இந்த மாசமே எழுத்துல ஒப்பந்தம் போடலாம்னு அவர்கிட்ட பேசுங்க. கையெழுத்து போட மாட்டேன்னு சொன்னா பதறாதீங்க. எழுத்து ஒப்பந்தம் ஏற்படாததையே ஒரு காரணமாக் காட்டி வீட்டைத் திரும்பக் கேட்க இந்தச் சட்டத்துல தனிப் பிரிவு இருக்கு. நீங்க கேட்டதுக்கும் அவர் மறுத்ததுக்கும் ஆதாரமா, அந்தக் கோரிக்கையை ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி, டெலிவரி ஆனதுக்கான சான்றை பத்திரமா வச்சுக்கோங்க.